காய்ப்புழுவின் மரபுரிமை



மரபு என்னும் சொல் இந்த அவைக்குப் புதியதன்று. மரபுக்கவிதை சிறந்ததா, புதுக்கவிதை சிறந்ததா என்று தமிழ் இலக்கிய அரங்குகளில் நடந்த வழக்குகளுக்குக் கணக்கில்லை. தொல்காப்பியர் தம் பொருளதிகாரத்தின் நிறைவு இயலுக்கு மரபியல் என்றே பெயர் சூட்டினார். உயிர்களின் இளமைப் பெயர்கள், ஆண்பாற் பெயர்கள், பெண்பாற் பெயர்கள் ஆகியவற்றோடு, ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை வகுத்த பகுப்பும் அவ்வியலில்தான் உள்ளது. பறந்து திரியும் தும்பிக்கும் அங்கே இடமுண்டு. நாலறிவுடைய உயிர்களின் வரிசையில் அது நிற்கிறது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் இயல்புகளை ஆராயும் துறைக்குத் தமிழில் பெயர் தேவைப்பட்டபோது அறிஞர்கள் எடுத்துக்கொண்டதும் இதே சொல்லைத்தான். மரபியல், மரபணு, மரபுப் பண்பு என்னும் சொற்கள் இன்று பள்ளிப் பாடநூல்களிலேயே வழங்குகின்றன.

ஒரு சொல் இரு துறைகளுக்குப் பொதுவாகும்போது, ஒன்றில் கண்ட உண்மை மற்றதற்கும் வெளிச்சமாகும். அத்தகைய ஓர் உண்மையைப் பருத்திக் காய்க்குள் வாழும் சிறு புழு ஒன்று வைத்திருக்கிறது. உயிரிகளிலிருந்து எடுத்த பூச்சிக்கொல்லி மருந்துகளைப் பூச்சிகள் எவ்வாறு வெல்கின்றன, அவ்வெற்றி எவ்வாறு தாய் தந்தையரிடமிருந்து பிள்ளைக்குச் சொத்தாக இறங்குகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

பருத்தி வளர்த்த ஊர்கள்

இப்பொருளைப் பேசுவதற்கு இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. மேற்கே மலைத்தொடர், கிழக்கே கரிசல். இடையில் அமைந்த இவ்விரு ஊர்களின் வாழ்வும் பருத்தியோடு பின்னியது. 1936இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நிறுவிய இராஜபாளையம் மில்ஸ், இவ்வூரை நூற்பாலை நகரங்களின் வரிசையில் நிறுத்தியது. அருகிலுள்ள சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி, எங்கெங்கோ உள்ள மருத்துவமனைகளில் காயங்களை மூடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். என்னும் எழுத்துகளைத் தாங்கி வெளிவந்த பருத்தி இரகங்கள் யாவும் அவ்வூரின் பெயரைச் சுருக்கித் தம் பெயராக்கிக்கொண்டவை.

இவ்வட்டாரத்தில் பருத்திக்கு ஒரே பட்டம் என்பதில்லை. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கும் மானாவாரிப் பருத்தி உண்டு. மாசிப் பட்டத்தில் இறவையில் போடும் பருத்தியும் உண்டு. ஒரு பட்டம் முடியும் காலத்தில் அடுத்த பட்டம் தொடங்குகிறது. உழவனுக்கு இது வசதி; பருத்தியை மட்டுமே நம்பி வாழும் புழுவுக்கும் இது வசதியே. அதன் உணவு ஆண்டில் பெரும்பகுதி தட்டுப்படாமல் கிடைக்கிறது.

அப்புழுவே இளஞ்சிவப்புக் காய்ப்புழு. 1840களில் குஜராத்தின் பரூச்சுப் பகுதியில் பருத்தியை அழித்த புழுவைக் கொண்டே அறிவியலார் அதனை முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டனர். அதன் தாயாகிய சிறு அந்துப்பூச்சி, மொட்டிலும் இளங்காயிலும் முட்டையிடுகிறது. பொரித்த புழு விரைவிலேயே காயைத் துளைத்து உள்ளே புகுந்துகொள்கிறது. துளை மூடிக்கொள்ள, காய் வெளிப்பார்வைக்குப் பழுதின்றித் தோன்றுகிறது. உள்ளே விதை விதையாகத் தின்னப்படுகிறது, பஞ்சு கறைபடுகிறது. காய் வெடிக்கும் நாளில்தான் இழப்புத் தெரியவருகிறது. மேலே தெளிக்கும் மருந்து அதனிடம் போய்ச் சேர்வதில்லை. செடியின் உடலிலேயே மருந்து இருந்தாலொழிய இப்புழுவைத் தொட இயலாது என்னும் எண்ணம் தோன்றியது இதனால்தான்.

மண்ணில் கிடந்த நஞ்சு

அந்த மருந்து மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிடம் கிடைத்தது. ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீரெனத் துவண்டு மடிந்த நோய்க்குக் காரணம் தேடிய இஷிவாட்டா, 1901இல் ஒரு பாக்டீரியத்தைக் கண்டார். ஜெர்மனியின் துரிங்கியப் பகுதியில் மாவு ஆலையின் அந்துப்பூச்சிப் புழுக்களில் அதே இனத்தைக் கண்ட பெர்லினர், 1915இல் அதற்குப் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று பெயரிட்டார். சுருக்கமாகப் பி.டி. என்பர். 1938இல் பிரான்சில் இது பூச்சிமருந்தாக விற்பனைக்கு வந்தது. முட்டைக்கோசு, காலிபிளவர் ஆகியவற்றைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவுக்கு எதிராக இன்றும் இது தெளிக்கப்படுகிறது.

இதன் செயல் நுட்பமானது. பாக்டீரியம் தன் உடலில் புரதப் படிகம் ஒன்றை உருவாக்கி வைக்கிறது. இலையோடு அதைத் தின்ற புழுவின் குடல் காரத்தன்மை உடையதாதலின் படிகம் கரைகிறது. குடலின் செரிமானப் பொருள்கள் அதை வெட்டிக் கூர்மையாக்குகின்றன. கூரான புரதம் குடற்சுவரின் மேலுள்ள குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் பொருந்துகிறது. பூட்டுக்குச் சாவி பொருந்துவது போன்ற பொருத்தம் அது. பொருந்தியபின் சுவரில் துளைகள் விழுகின்றன. புழு தின்பதை நிறுத்தி மடிகிறது. அத்தகைய பூட்டு இல்லாத மனிதனுக்கும் மாட்டுக்கும் இதனால் தீங்கில்லை. இரசாயன மருந்துகள் கண்மூடித்தனமாகக் கொல்ல, இதுவோ ஆளறிந்து கொல்கிறது. இதன் பெருமையும் அதுதான், பலவீனமும் அதுதான். பூட்டு மாறிவிட்டால் சாவி வெறும் இரும்புத் துண்டாகிவிடும்.

இந்தப் புரதத்தை ஆக்கும் மரபணுவைப் பருத்திச் செடிக்குள் ஏற்றியதே பி.டி. பருத்தி. இந்தியாவில் அதற்கு 2002 மார்ச் மாதம் ஒப்புதல் கிடைத்தது. ஒரே நச்சுப்புரதம் கொண்டது முதலில் வந்தது. இரண்டு நச்சுப்புரதங்கள் கொண்டது 2006இல் வந்தது. பத்தாண்டுகளுக்குள் நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்கிற்கும் மேல் பி.டி. விதையே நிறைந்தது. தொடக்க ஆண்டுகளில் காய்ப்புழுவுக்குத் தெளிக்கும் மருந்து பெரிதும் குறைந்தது என்பதையும் மறைக்கலாகாது. 1987-88இல் ஆந்திரத்தின் பருத்தி மாவட்டங்களில் மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் பயிர் பிழைக்காமல், கடன்பட்ட உழவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட கொடுமை பலர் நினைவில் இருந்த காலம் அது. புதிய விதையை அவர்கள் வரவேற்றதில் வியப்பில்லை.

புழு கற்பதில்லை

2010 மார்ச்சில், குஜராத்தின் அம்ரேலி, பாவ்நகர், ஜூனாகத், இராஜ்கோட் மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் வகைப் பி.டி. பருத்தியைத் தின்றும் உயிரோடிருப்பதை விதையின் பின்னிருந்த மான்சான்டோ நிறுவனமே அறிவித்தது. 2015 அளவில் இரண்டு நஞ்சுகள் கொண்ட பருத்தியும் அங்கே தோற்றது. அடுத்த சில ஆண்டுகளில் மத்திய இந்தியாவிலும் தெற்கிலும் அதே நிலை ஏற்பட்டது.

இதைப் பற்றி ஊரில் பேசுவோர், ‘புழு மருந்துக்குப் பழகிவிட்டது’ என்பர். அச்சொல்லில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. கள்ளுக்கு ஒருவன் பழகுவதுபோல் எந்தப் புழுவும் நஞ்சுக்குப் பழகியதில்லை. எந்தப் புழுவும் கற்றுக்கொண்டதும் இல்லை; தான் கற்றதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. நஞ்சு வருவதற்கு முன்பே கோடிக்கணக்கான புழுக்களுள் மிகச் சிலவற்றின் குடற்பூட்டு, பிறப்பிலேயே சற்றுச் சிதைந்திருந்தது. நஞ்சில்லாத காலத்தில் அச்சிதைவால் பயனொன்றும் இல்லை. சில வேளைகளில் அது சுமையாகவும் இருந்திருக்கலாம். நஞ்சு வந்தபோது பூட்டுச் சரியாக இருந்தவை எல்லாம் மடிந்தன. சிதைந்த பூட்டுடையவை எஞ்சின. அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர் ஆனவை அவையே. மருந்து புழுவை மாற்றவில்லை. யார் பெற்றோர் ஆகலாம் என்பதை மட்டும் அது முடிவு செய்தது.

1985இலேயே இதற்குச் சான்று கிடைத்திருந்தது. அமெரிக்காவில் சேமித்த தானியத்தைத் தின்னும் ஓர் அந்துப்பூச்சி, பி.டி. கலந்த தானியத்தில் சில தலைமுறைகளிலேயே எதிர்ப்பைப் பெற்றதை மெகாகி என்னும் ஆய்வாளர் காட்டினார். 1990இல் ஹவாய்த் தீவின் வயல்களிலேயே வைரமுதுகு அந்துப்பூச்சி பி.டி. தெளிப்பைத் தாங்கி நிற்பதை டபாஷ்னிக்கும் உடனாய்வாளர்களும் வெளியிட்டனர். உயிரியல் மருந்தாயிற்றே, இயற்கையின் பொருளாயிற்றே, இதற்கு எதிர்ப்பு வராது என்னும் நம்பிக்கை அத்துடன் முடிந்தது. இயற்கையிலிருந்து வந்த நஞ்சாயினும் தேர்வு தேர்வுதான்.

புகலிடக் கணக்கு

இனி, சொத்து இறங்கும் முறைக்கு வரலாம். ஒவ்வோர் அந்துப்பூச்சியிடமும் பூட்டுக்கான மரபணு இரண்டு படிகளாக உள்ளது. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. ஏடு படியெடுப்போர் வழக்கில் சொன்னால், ஒரே நூலுக்கு இரண்டு சுவடிகள். ஒரு சுவடி சிதைந்தாலும் மற்றது நன்றாயிருந்தால் பூட்டு உருவாகிவிடும்; நஞ்சு அதில் பொருந்தும்; புழு மடியும். இரண்டும் சிதைந்திருந்தால் மட்டுமே அது பிழைக்கும். இத்தகைய பண்பை ஒடுங்கு பண்பு என்பர். இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. நஞ்சை எதிர்க்கும் பண்பு பெரும்பாலும் இவ்வகையினது.

ஒரு கணக்கைக் காணலாம். ஆயிரம் படிகளில் ஒன்று சிதைந்தது எனக் கொண்டால், இரண்டு படிகளும் சிதைந்த புழு பத்து இலட்சத்தில் ஒன்றாகவே இருக்கும். ஒரு படி மட்டும் சிதைந்தவை அதே பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 2,000 இருக்கும். பி.டி. வயலில் அந்த 2,000மும் மடியும்; ஒன்று மட்டும் பிழைத்து அந்துப்பூச்சியாகும். அதற்குத் துணை யார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பக்கத்தில் பி.டி. அல்லாத பருத்தி சிறிதளவு இருந்தால், அங்கிருந்து ஆயிரக்கணக்கான சாதாரண அந்துப்பூச்சிகள் கிளம்பிவரும். பிழைத்த ஒன்று அவற்றுள் ஒன்றைத்தான் சேரும். பிள்ளைகளுக்குத் தாய்வழி ஒரு படி, தந்தைவழி ஒரு படி. ஒன்று நல்லது, ஒன்று சிதைந்தது. ஆகவே பிள்ளைகள் அனைத்தும் பி.டி. வயலில் மடியும். எதிர்ப்பு அக்குடும்பத்தோடு நிற்கும். பக்கத்தில் சாதாரணப் பருத்தியே இல்லையென்றால், பிழைத்தது பிழைத்ததையே சேரும். பிள்ளைகள் அனைத்தும் இரண்டு சிதைந்த படிகளோடு பிறந்து நஞ்சைத் தாங்கும்.

இதனால்தான் பி.டி. வயலைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது மொத்தப் பரப்பில் 20 விழுக்காடு, இவற்றுள் எது மிகுதியோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தி விதைக்க வேண்டுமென்று விதி வகுக்கப்பட்டது. இதற்குப் புகலிடப் பயிர் என்று பெயர். 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதை தனிப் பொட்டலமாகக் கொடுக்கப்பட்டது. பெரும்பாலோர் அப்பொட்டலத்தை விதைக்கவில்லை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவனிடம் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விடச் சொல்வது எளிதன்று. அதற்கான காரணத்தை அவனுக்கு விளங்குமாறு சொன்னோரும் குறைவு. ஆயினும் கதிர் முற்றிய வயலில் குருவிக்கும் கிளிக்கும் பங்குண்டு என்று எண்ணிய மண் இது. அந்த எண்ணத்தின் கணித வடிவமே புகலிடம் என்று சொல்லியிருந்தால் சிலரேனும் கேட்டிருப்பர்.

அமெரிக்காவின் அரிசோனாவில் 1996 முதல் பி.டி. பருத்தி பயிராகிறது. அங்கே உழவர்கள் புகலிடத்தைப் பேணினர். பத்தாண்டுகள் கடந்தும் வயலில் எதிர்ப்புப் பெருகவில்லை. 2006 முதல் புகலிடத்துக்கு மாற்றாக, மலடாக்கிய அந்துப்பூச்சிகளை வானிலிருந்து கோடிக்கணக்கில் விட்டனர். பிழைத்த ஒன்றிரண்டு, துணை தேடி மலட்டுப் பூச்சியையே சேர்ந்தன, வம்சம் அற்றது. பிற முயற்சிகளும் உடன் சேர, அமெரிக்கப் பருத்தி வயல்களிலிருந்து இப்புழு ஒழிந்ததாக 2018இல் அறிவிக்கப்பட்டது. அதே புழு, அதே நஞ்சு. முடிவுகள் மட்டும் இருவேறு. வேறுபாடு, மடியாமல் விடப்பட்டது எது என்பதில் இருந்தது.

இந்தியாவிலேயே மற்றொரு சான்றும் உண்டு. பச்சைக் காய்ப்புழு எனப்படும் அமெரிக்கன் காய்ப்புழுவும் இதே நஞ்சை ஆண்டுக்கணக்கில் எதிர்கொண்டது. ஆயினும் அதே வேகத்தில் வெல்லவில்லை. அது பருத்தியை மட்டும் உண்பதில்லை. துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று பலவற்றில் வளர்கிறது. அவ்வயல்கள் கேளாமலே கிடைத்த புகலிடங்களாயின. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கோ பருத்தியை விட்டால் வெண்டை, துத்தி போன்ற சில செடிகளே உண்டு. புகலிடமாகத் துவரை விதைக்கலாம் என்று பின்னாளில் இசைவு தரப்பட்டபோது, அது பச்சைக் காய்ப்புழுவுக்குப் பொருந்தியது. துவரையைத் தீண்டாத இளஞ்சிவப்புப் புழுவுக்கு அதனால் பயனில்லை.

ஒரு காய்க்குள் மெண்டல்

இந்தியாவில் எதிர்ப்பு விரைந்து பெருகியதற்கு மற்றொரு காரணமும் சுட்டப்படுகிறது. பிற நாடுகள் பலவற்றில் பயிராகும் பி.டி. பருத்தி, விதையெடுத்து மீண்டும் விதைத்தாலும் மாறாத இரகம். இந்தியாவில் விற்றவை பெரும்பாலும் கலப்பினங்கள். கலப்பினத்தில் நச்சு மரபணு ஒரு பெற்றோர் வழியாக மட்டுமே வந்திருக்கும். செடி முழுவதும் நஞ்சுடையதே. ஆயினும் அச்செடியின் காய்க்குள் இருக்கும் விதைகள் அடுத்த தலைமுறை அல்லவா? 1866இல் மெண்டல் பட்டாணியில் கண்டு சொன்ன விகிதம் அங்கே விளையாடுகிறது. இரண்டு நச்சு மரபணுக்கள் உள்ள கலப்பினத்தின் காயில், பதினாறு விதைகளுக்கு ஒன்பதில் இரண்டு நஞ்சும் இருக்கும். மூன்றில் முதல் நஞ்சு மட்டும், மூன்றில் இரண்டாம் நஞ்சு மட்டும், ஒன்றில் எதுவுமே இராது. விதை விதையாகத் தின்னும் புழு, ஒரே காய்க்குள் நஞ்சுள்ளதையும் இல்லாததையும் மாறி மாறிச் சுவைக்கிறது. முழு அளவு நஞ்சு பட்டால் மடிந்திருக்க வேண்டிய, ஒரு படி மட்டும் சிதைந்த புழுக்களுக்கு இக்கலவை பிழைக்கும் வாய்ப்பைத் தருகிறது. ஒடுங்கிக் கிடக்க வேண்டிய பண்பு ஓரளவு ஓங்குகிறது.

அதே மெண்டல் விகிதம் சீனத்தில் நன்மையாக விளைந்தது. யாங்ட்சி ஆற்றுப் பள்ளத்தாக்கில் உழவர்கள் கலப்பினத்தின் இரண்டாம் தலைமுறை விதையை வாங்கி விதைத்தனர். அதனால் வயலில் நாலில் ஒரு செடி முற்றிலும் நஞ்சற்றதாக, தானே புகலிடமாக நின்றது. தலைதூக்கிய எதிர்ப்பு அங்கே பின்வாங்கியதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. நஞ்சற்ற பங்கு தனிச்செடியாக நின்றால் காவல்; காய்க்குள் விதையோடு விதையாகக் கலந்தால் புழுவுக்கு ஏணி.

பூட்டு எவ்வாறு சிதைகிறது என்பது கவிஞர்கள் சுவைக்கத்தக்க செய்தி. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் முதன்மைப் பூட்டு, கேட்ஹெரின் என்னும் புரதம். இந்திய வயல்களின் புழுக்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், அதன் மரபணு எட்டு வெவ்வேறு வகைகளில் சிதைந்திருந்தமை தெரிந்தது. அதைவிட வியப்பு, ஒரே மரபணுவின் செய்தியைப் புழுவின் உயிரணு வெவ்வேறு இடங்களில் வெட்டி ஒட்டி, வெவ்வேறு பாடங்களாக ஆக்கியதே. ஒரே எழுத்துத் தொடரை ஒருவகையாகப் பிரித்தால் ஒரு பொருளும் வேறுவகையாகப் பிரித்தால் வேறொரு பொருளும் தருவதைத் தண்டியலங்காரம் பிரிமொழிச் சிலேடை என்னும். காளமேகத்துக்குக் கைவந்த சிலேடைக் கலை காய்ப்புழுவின் குடலில் அறிவின்றி நடக்கிறது. எங்கே பிரிக்கப்பட்டாலும் பூட்டு உருவாகாமற் போகிறது என்பது மட்டுமே பொதுவான விளைவு. ஒரு நாட்டின் புழுக்களே ஒரே தீர்வை எட்டு வழிகளில் பெற்றிருக்குமானால், ஒற்றைச் சாவியை நம்பி நிற்பது எத்துணை ஆபத்து என்பது விளங்கும்.

கொசுவும் ஆப்பிள் புழுவும்

பாக்டீரியம் மட்டுமன்றி வைரசும் உயிரியல் மருந்தாகிறது. ஐரோப்பாவின் ஆப்பிள் தோட்டங்களில் இரசாயனத்தை ஒதுக்கிய உழவர்கள், பழத்தைத் துளைக்கும் புழுவுக்கு ஒரு வைரசைத் தெளித்து வந்தனர். ஏறத்தாழ 2005 முதல் ஜெர்மனியிலும் பிரான்சிலும் சில தோட்டங்களில் அது பயனற்றுப்போனது. ஆராய்ந்தபோது எதிர்ப்புப் பண்பு பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோமில் அமைந்திருந்தது. அந்துப்பூச்சிகளில் மனிதருக்கு மாறாகப் பெண்ணுக்கே அக்குரோமோசோம் ஒற்றையாக உள்ளது. ஒரு படி பெற்ற பெண் புழுவிடம் அதை மறைக்க வேறு படியில்லை. ஆணிடமும் ஒரே படி பெரிதும் போதுமானதாக இருந்தது. எனவே ஒடுங்கு பண்புக்குத் தேவையான காத்திருப்பு இங்கே இல்லை. எதிர்ப்பு மிக விரைந்து பரவியது. தமிழகத்தில் காய்ப்புழுவுக்கு என்.பி.வி. வைரசுக் கரைசல் தெளிக்கும் உழவர்களுக்கும் இச்செய்தி தொடர்புடையதே. புகலிடக் கணக்கு ஒடுங்கு பண்புக்கு எழுதப்பட்டது. ஓங்கிய பண்புக்கு அது மட்டும் போதாது.

அண்டை மாநிலமான கேரளத்தின் கொச்சியில் நடந்ததும் நினைக்கத்தக்கது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவின் புழுக்களை அழிக்கப் பேசில்லஸ் ஸ்பேரிகஸ் என்னும் பாக்டீரியத்தை இரண்டாண்டுகள் திரும்பத் திரும்பத் தெளித்தனர். கொசு, நூறு மடங்குக்கும் மேற்பட்ட எதிர்ப்பைப் பெற்றுவிட்டதை, அந்நாளில் மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் 1995இல் வெளியிட்டனர். அந்தப் பாக்டீரியத்தின் நஞ்சு இரண்டு பகுதிகளால் ஆனதாயினும் ஒரே பூட்டில் ஒரே சாவியாகப் பொருந்துவது. 1976இல் இஸ்ரேலின் நெகவ் பாலையில் கிடைத்த பி.டி. வகையோ நான்கு முதன்மை நஞ்சுகளை ஒருங்கே ஏந்தியது. அவற்றுள் ஒன்று பூட்டை நாடாமல் குடற்சவ்வின் கொழுப்பிலேயே தைத்துப் பிறவற்றுக்கும் வழி திறக்கிறது. உலகெங்கும் பல்லாண்டுகளாகத் தெளித்தும் அதற்குக் கொசு பெரிய எதிர்ப்பைப் பெறவில்லை.

ஒன்றைவிடப் பலவே நிலைக்கும் என்னும் இப்பாடத்தை வேம்பும் சொல்கிறது. கனடாவில் நடந்த ஓர் ஆய்வில் பீச் அசுவினியை நாற்பது தலைமுறைகள் வளர்த்தனர். வேம்பிலிருந்து பிரித்தெடுத்த அசாடிராக்டின் என்னும் ஒற்றைப் பொருளை மட்டும் சந்தித்த கூட்டம் ஒன்பது மடங்கு எதிர்ப்பைப் பெற்றது. வேப்பவிதைச் சாற்றை முழுமையாகச் சந்தித்த கூட்டம் எதிர்ப்பு எதையும் பெறவில்லை. 1995இல் வெளியான ஆய்வு அது. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளித்த கரிசல் உழவனின் வழக்கத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை.

இவ்வட்டாரத்தின் கடன்

எதிர்ப்பு பெருகினால் இழப்பு பஞ்சோடு நிற்பதில்லை. உயிரியல் மருந்து தோற்ற வயலுக்குக் கொடிய இரசாயனம் திரும்புகிறது. 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்தடித்தபோது நச்சேறி 20க்கும் மேற்பட்ட உழவர்களும் கூலியாட்களும் இறந்தனர். கைத்தெளிப்பானைத் தோளில் சுமப்பவன் பெரும்பாலும் நிலத்துக்கு உடையவனும் அல்லன். புழுவின் குடலில் ஒரு பூட்டு மாறியதன் விலையை அவன் நுரையீரல் கொடுக்கிறது.

செய்யத்தக்கவை அரியன அல்ல. பருத்தியைக் குறுகிய காலத்தில் முடித்து, பின்பருவக் காய்களுக்காக நிலத்தில் நீட்டிக்காமல் விடுவது முதற்கடன். இப்புழு கடைசிக் காய்களிலேயே பெருகும். கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியும் எஸ்.வி.பி.ஆர். இரகங்களும் நிற்கும் வயல்கள் உழவனுக்கு விதை தருவதோடு, எதிர்ப்பற்ற அந்துப்பூச்சிக்குப் புகலிடமாகவும் ஆகக்கூடியவை. அடுப்பெரிக்க வீட்டோரம் அடுக்கும் பருத்திமாரில் ஒட்டிக் கிடக்கும் வெடியாத காய்களில் புழு அடுத்த பட்டம் வரை உறங்குகிறது. அதை அறுவடை முடிந்ததும் அழிப்பது இரண்டாம் கடன். விதைக்குள் உறங்கும் புழு வண்டியேறி ஜின்னிங் ஆலைக்கும் வருகிறது. ஆலை முற்றங்களில் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது ஆலையாளரின் கடன். இவை எவற்றையும் ஒரு வயல்காரன் மட்டும் செய்து பயனில்லை. அந்துப்பூச்சிக்கு வரப்பு தெரியாது.

மரபைப் பற்றிப் பேசும் இலக்கிய அன்பர்களுக்கு இதில் ஓர் எண்ணம் கிடைக்கும். செல்லுக்கும் நெருப்புக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் இரையான ஏடுகள் எத்தனையோ. எஞ்சிய ஏடுகளையே தமிழ் மரபு என்று இன்று போற்றுகின்றனர். எஞ்சியவை எல்லாவற்றிலும் சிறந்தவை என்பதற்கு உறுதியில்லை; யாரோ ஒருவர் படியெடுத்து வைத்தவை என்பதே உறுதி. காய்ப்புழுவின் மரபும் எஞ்சியவற்றின் மரபே. வலிமையுள்ளது எஞ்சியது என்று சொல்வது முழு உண்மையாகாது. மருந்துக்கு மடியக்கூடிய எளிய பூச்சிகளை ஒன்றுவிடாமல் அழித்தபின், மடியாததற்கு மணமுடிக்க மடியாததே கிடைத்தது. எளியதற்கும் இடம் விட்ட வயல்களில் மருந்து இன்னும் வேலை செய்கிறது.

ஐந்து வரிசைச் சாதாரணப் பருத்தி இழப்பாகத் தோன்றலாம். அடுத்த தலைமுறை உழவனுக்கு இம்மருந்து பயன்படுமா என்பதை அவ்வைந்து வரிசைகளே தீர்மானிக்கின்றன.

பத்தாண்டு நிறைந்த இலக்கிய வட்டம் மேலும் பல்லாண்டு தழைக்க வாழ்த்துகள்.